நண்பகலில் விளக்கேற்றும் பெருந்தகைக்கு

உள் அலங்கார ஒப்பந்தக்காரர் ஐயா, உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களைப் போன்ற கைகாரர்கள் மதுரையில் இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் சொல்லி மற்றவர்களை விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டு நடையை நீங்கள் அலங்கரித்து முடித்த பிறகு பார்த்தேன். பாராட்டாமல் இருக்க மனம் வரவில்லை. இதில் நான் எழுதும் புகழ்ச்சி எதுவும் பொய்யில்லை. கண்ணால் பார்த்து, டேப் பிடித்து அளந்து, கணக்குப் போட்ட பிறகே எழுதுகிறேன்.

முதல் பாராட்டு உங்கள் நேர்க்கோட்டுக்கு. 18 அடி நீள நடையின் உச்சியில் எட்டு வட்ட விளக்குகளை நூல் பிடித்ததுபோல் பதித்திருக்கிறீர்கள். வாசற்படியில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்றுகூட அரை விரற்கடை விலகவில்லை. ஜிப்சம் பலகையில் வட்டம் வெட்டிய இடத்தில் பிசிறு கிடையாது. மூலைகளில் பட்டி பார்த்த இடத்தைக் கையால் தடவினேன்; கண்ணாடி மாதிரி வழுக்கியது. சந்து வீடுகளில் இப்படிச் சுத்தமான வேலையைப் பார்த்து நாளாகிவிட்டது.

இரண்டாவது பாராட்டு உங்கள் வள்ளன்மைக்கு. நடையின் அகலம் 4 அடி, நீளம் 18 அடி. பரப்பு 72 சதுர அடி, ஏறத்தாழ 6.7 சதுர மீட்டர். வீட்டு நடையில் தடுக்காமல் நடக்கவும் எதிரே வருபவர் முகம் பார்க்கவும் 100 லக்ஸ் வெளிச்சம், அதாவது சதுர மீட்டருக்கு 100 லூமன், தாராளம். அதற்கு 670 லூமன் வேண்டும். சுவரும் தரையும் பாதியை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும் 1,340 லூமன் போதும். சாதாரண 9 வாட் எல்இடி பல்பு இரண்டு போட்டாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். நீங்கள் கொடுத்திருப்பதோ 12 வாட் விளக்கு எட்டு. கூட்டினால் 8,000 லூமனுக்குக் குறையாது. கேட்டதைப்போல ஆறு மடங்கு! கேட்டதற்கு மேல் கொடுப்பவரைத்தானே ஊர் வள்ளல் என்கிறது?

அந்தக் கொடைக்குக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். எட்டு விளக்குக்கும் சேர்த்து 96 வாட். அந்த நடை பகலிலும் இருட்டு என்பதால் காலை 6 மணிக்குப் போட்ட விளக்கை இரவு 10 மணிக்குத்தான் அணைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 16 மணி நேரம். இரண்டு மாதக் கணக்கில் பார்த்தால் 92 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமில்லாமல் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசு ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்த அந்த 100 யூனிட்டில் 92-ஐ யாரும் உட்காராத, யாரும் படுக்காத, செருப்பு மட்டும் கிடக்கிற ஒரு நடைக்கு முழுசாக வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த நடைக்கு இப்படி ஒரு மரியாதை இதுவரை யாரும் செய்ததில்லை.

மூன்றாவது, உங்கள் பணிவு. இதை நான் மனமாரச் சொல்கிறேன். வேலைக்கு வந்த அன்று நடை இருட்டாக இருப்பதைப் பார்த்தீர்கள். ஏன் இருட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரர் கைகாட்டிய இடத்தை அளந்தீர்கள், கணினியில் படம் வரைந்து காட்டினீர்கள், முன்பணம் வாங்கிக்கொண்டீர்கள். பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடாத அந்தப் பண்பு பெரிது. நீங்கள் கேட்காததால், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதிலை நானே சொல்கிறேன்.

அந்த வீடு பழைய மதுரை வீடு. இருபுறமும் பொதுச்சுவர், இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியே கிடையாது. அதற்கென்றுதான் கட்டியவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்தால் நடை. நடை முடிந்ததும் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் பட்டாசாலை, அடுப்படி, கொல்லை. நடைக்கு மேலே மச்சு இருந்ததால் அதன் உயரம் அன்றைக்கும் 8 அடிதான். அகலமும் இதே 4 அடிதான். ஆனால் குறுகலென்றும் தணிவென்றும் யாரும் குறைப்பட்டதில்லை. ஒரு முனையில் தெரு வெளிச்சம், மறு முனையில் முற்றத்து வெயில். தலைவாசல் நிலைக்கு மேலே கம்பி போட்ட வென்டிலேட்டர். கதவைச் சாத்தினாலும் அது வழியாக வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருக்கும். சுவரில் வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்பு, பளிச்சென்று தெரிவதற்காக அதில் கலக்கும் துளி நீலம். வலது கைப் பக்கம் தோள் உயரத்தில் ஒரு மாடக்குழி. கார்த்திகைக்கு அதில் அகல் எரியும். மற்ற நாளில் சாவிக்கொத்து கிடக்கும்.

பிறகு குடும்பம் பெருகியது. திண்ணையை இடித்து ஷட்டர் போட்டுக் கடையாக்கினார்கள். மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷன் எடுப்பதற்காக முற்றத்துக்கு மேல் காங்கிரீட் போட்டு மூடினார்கள். கொசு வருகிறது, தூசி வருகிறது என்று வென்டிலேட்டரையும் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். வெளிச்சத்தை இப்படி மூன்று தவணையில் வெளியேற்றியவர்கள் வீட்டுக்காரர்கள்தான். அதில் உங்களுக்குப் பங்கில்லை. நாலாவது தவணைக்குத்தான் உங்களை அழைத்தார்கள். வேலை சொன்னவர் மனம் கோணாமல் அதை முடித்துக் கொடுத்தீர்கள்.

அந்த நாலாவது தவணையை அளந்து பார்த்தேன். 8 அடி உயரத்தில் 6 அங்குலம் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போயிற்று. மிச்சம் ஏழரை அடி. குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி உயரம் வேண்டும் என்கிறது நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நடைக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனாலும் முதலிலேயே தணிவாக இருந்த கூரையை மேலும் அரை அடி இறக்க ஒரு துணிச்சல் வேண்டும். அது உங்களிடம் இருந்தது. அந்த வீட்டில் இருக்கும் என் அக்கா மகன் ஆறடி உயரம். கையைத் தூக்கிச் சட்டை மாட்டினால் விரல் விளக்கில் படுகிறது.

அகலத்திலும் அதே துணிச்சல். இரண்டு சுவரிலும் வரி வரியாகக் கோடு ஓடும் கரும்பழுப்பு பேனல். சட்டத்தோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் 10 அங்குல ஆழத்தில் ஒரு செருப்பு அலமாரி. 48 அங்குலம் இருந்த வழி அலமாரி இருக்கும் இடத்தில் 35 அங்குலம் ஆகிவிட்டது. ஒரு சக்கர நாற்காலி இரண்டு பக்கமும் உரசாமல் போக 3 அடி வேண்டும். அந்த வீட்டில் வயதானவர் இருக்கிறார். நாளைக்கு ஒரு அவசரமென்று தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருந்தால் இந்த ஒரு வழியைத் தவிர வேறு வழி இல்லை. அதையும் மீறி 13 அங்குலத்தை அழகுக்காக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அழகின் மேல் உங்களுக்குள்ள பக்தி சாதாரணமானதல்ல.

பேனலும் விளக்கும் சேர்ந்து செய்யும் வேலையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடும். கரும்பழுப்புப் பலகை பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தால் பெரிது. விளக்கு பொழிய, பேனல் விழுங்க, விழுங்கியதை ஈடுகட்ட இன்னொரு விளக்கு. ஒன்றில்லாமல் ஒன்றில்லை. இப்படிப் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்க்கும் ஜோசியர்கூட அரிது.

பெரியம்மாவிடம் கேட்டேன்: "நடை எப்படி இருக்கு பெரியம்மா?"

"நல்லாத்தாம்ப்பா பண்ணியிருக்காக. கண்ணுதான் கூசுது. லைட்டப் போட்டா தரையில தண்ணி கெடக்கிற மாதிரி இருக்கு. அணைச்சா தரையே தெரியல."

சொல்லிவிட்டு, இரவில் விளக்கை அணைக்கும் நேரத்தில் நடந்தும் காட்டினார். இடது கையைப் புருவத்துக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டார். வலது கை பேனலைத் தடவிக்கொண்டே போனது. பளபளவென்ற விட்ரிஃபைட் டைல்ஸில் எட்டு விளக்கும் எட்டு வெள்ளை வட்டமாகக் கிடந்தன. ஒவ்வொரு வட்டம் வரும்போதும் கால் ஒரு நொடி தயங்கியது. ஈரமா, டைல்ஸா என்று பெருவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. கண்ணில் புரை வளர்ந்திருப்பவர் அவர். புரை உள்ள கண்ணுக்கு நேராக வந்து குத்தும் புள்ளி வெளிச்சம் சிதறிப் பாயும்; வெளிச்சம் கூடக் கூடப் பார்வை மங்கும். கடைசி வட்டத்தைத் தாண்டிய பிறகு, ஸ்விட்ச் வாசல் பக்கம் மட்டுமே இருப்பதால், அணைப்பதற்காக அதே பாதையில் திரும்பி வந்தார். அணைத்த பிறகு இருட்டில் மறுபடி உள்ளே போனார். எழுபது வயதைத் தாண்டியவரை அவர் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே புது இடத்துக்கு வந்தவரைப்போல நடக்க வைத்திருக்கிறீர்கள். இதைச் செய்ய எல்லோராலும் ஆகாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் 6500 கே என்று அச்சிட்டிருக்கிறது. நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில் பெரியம்மா நெற்றிக் குங்குமம் சிவப்பாகத் தெரியவில்லை. காய்ந்த பழுப்பாகத் தெரிந்தது. மலிவு விளக்குகளில் சிவப்பு நிறம் அப்படித்தான் செத்துப்போகும். விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கிறது. அது 90-க்கு மேல் உள்ள விளக்கை வாங்கினால் குங்குமம் குங்குமமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் இருக்கும். மீனாட்சி பட்டணத்தில் குங்குமத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும் விளக்கைத் தேடிக் கண்டுபிடித்து வந்து பதித்ததற்கும் உழைப்பு வேண்டுமல்லவா?

சீலிங்கின் ஓரத்தில் ஓடும் ஸ்ட்ரிப் லைட்டை மறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினால் ஊதா, பச்சை, ரோஸ் என்று மாறுகிறது. கூரைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தால் அந்த வெளிச்சம் கூரையில் படர்ந்து உயரத்தைக் கூட்டிக் காட்டும். நீங்கள் விட்டிருக்கும் இடைவெளி நாலு விரல். ஆகவே வெளிச்சம் படரவில்லை. ஒரு கோடாக நின்று, கூரை இங்கேதான் முடிகிறது, இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. ஒளிவு மறைவு இல்லாத வேலை.

மாடக்குழி இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் புல் ஒட்டி நடுவில் ஒரு புத்தர் தலையை வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை, வாடாது என்றீர்களாம். மூன்றும் உண்மை. எரியும் என்பதும் உண்மை. அந்தப் புல்லுக்குச் சற்று மேலே, அடைத்த சீலிங்குக்குள், எட்டு விளக்குக்கும் மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் பெட்டிகள் காற்றோட்டமில்லாமல் சூடாகிக்கொண்டிருக்கின்றன. மே மாதத்து மதுரையில் வெளியிலேயே 40 டிகிரி. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. கோபுர வாசலை ஒட்டிய நடைவழியில் எரியும் பொருளை அடுக்கி வைத்திருந்தோம். நூற்றாண்டுகளைத் தாங்கிய கல்தூண்களே வெடித்து உதிர்ந்தன. கல்லுக்கே அந்தக் கதி. பொதுச்சுவர் வீட்டின் ஒரே வெளிவாசலில் பிளாஸ்டிக் புல் வளர்க்கும் மனத்தைரியம் உங்களுக்கு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் அந்தத் தைரியத்தை நம்பித் தூங்குகிறார்கள்.

இனி ஊர்ப்பெருமை கொஞ்சம் பேச வேண்டும். குறுகலான இடத்துக்கும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மதுரைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல.

கோட்டைக்குள் நெருங்கிக் கிடந்த ஊர் இது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அந்தக் கோட்டைச் சுவரை இடித்தார், அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. இடிக்கும் வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் இருக்கின்றன. மூச்சுமுட்டிக் கிடந்த ஊருக்குக் காற்றையும் வெளிச்சத்தையும் திறந்துவிட்டவர் என்று மக்கள் அவர் நினைவாக ஒரு விளக்குத் தூண் நிறுத்தினார்கள். கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடும் இடத்தில் இன்றைக்கும் விளக்குத்தூண் என்றால் குழந்தைக்கும் தெரியும். விளக்கை வாங்கி மாட்டியதற்காக இந்த ஊர் அவருக்குத் தூண் வைக்கவில்லை. சுவரை எடுத்ததற்காக வைத்தது. அந்த மரபு உள்ள ஊரில், இருந்த சுவரின் மேல் இன்னொரு சுவரும், இருந்த கூரையின் கீழ் இன்னொரு கூரையும் கட்டிப் பெயர் வாங்கியிருப்பவர் நீங்கள்.

கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். அம்மன் சந்நிதி வாசல் வழியாக நுழைந்தால் அஷ்டசக்தி மண்டபம், அடுத்து மீனாட்சி நாயக்கர் மண்டபம், அதைத் தாண்டினால் முதலிப்பிள்ளை மண்டபம். அதற்கு ஊர் வைத்த பெயர் இருட்டு மண்டபம். 1613-இல் கட்டியது. பிட்சாடனரும் தாருகாவனத்து ரிஷிபத்தினிகளும் அந்த மங்கலில்தான் நிற்கிறார்கள். அந்த இருட்டைத் தாண்டிக் கால் வைத்ததும் திடீரென்று வானமும் வெயிலும் தண்ணீரும்: பொற்றாமரைக் குளம். இருட்டே தப்பில்லை, அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் கட்டியவர் கெட்டிக்காரத்தனம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மீனாட்சி நாயக்கர் மண்டபத்தில் விளக்கைக் கூரையில் வரிசையாகப் பதிக்கவில்லை. மண்டபம் முடியும் இடத்தில் 1008 விளக்குகள் கொண்ட பித்தளைத் திருவாச்சி நிற்கிறது, மருது சகோதரர்கள் கொடுத்தது. கண் அங்கே போகும். கண் போன இடத்துக்குக் கால் போகும். ஒரு நீள வழிக்கு வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பதை அந்த மண்டபம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. இருந்தும் அதன் நிழல் உங்கள் வேலையில் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தனித்தன்மையையும் பாராட்டுகிறேன்.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் பலமுறை போயிருப்பீர்கள். 1636-இல் கட்டியது. நடுவில் திறந்த வெளி, சுற்றி வளைவுகள், வெள்ளைச் சுதை. பகலில் அங்கே யாரும் விளக்குத் தேடுவதில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது, சுவரில் படுகிறது, சுவர் திருப்பிக் கொடுக்கிறது. அரண்மனைக்குச் சொன்ன அதே பாடத்தைத்தான் நம் முற்றமும் சுண்ணாம்பும் சின்ன அளவில் சொல்லிக்கொண்டிருந்தன.

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். அந்த வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வந்தால் நடைக்குப் போதும். ஒரு லட்சம் லக்ஸைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் 96 வாட்டை விலைக்கு விற்று, ஆறு இலக்கத்தில் பில் போட்டு, வாங்கியவரும் நன்றி சொல்லும்படி செய்வதென்றால் அது வியாபாரத்தின் சிகரம். எட்டியவர் நீங்கள். வணங்குகிறேன்.

இவ்வளவு திறமை உள்ள கைக்கு வேலை சொல்லாமல் விடக் கூடாது. அதே நடைக்கு, அதே கையால், செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வென்டிலேட்டரைத் திறந்து விடுங்கள். கொசுவுக்கு வலை இருக்கிறது, தூசிக்குக் கண்ணாடி இருக்கிறது. நாலு செங்கல் எடுக்கும் வேலை. மூடிய முற்றத்தை முழுசாகத் திறக்க முடியாதென்றால், மாடிப் போர்ஷனில் இடைஞ்சலில்லாத ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி திறப்பை மேல்தளம் வரைக்கும் விட்டு, கெட்டிக் கண்ணாடி போட்டு மூடுங்கள். ஓட்டு வீட்டில் நம் ஆட்கள் நாலு ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு வைப்பார்களே, அதே யோசனைதான். வெளிச்சம் முதலில் நடையின் உள் முனையில் விழட்டும். இருட்டு வழி வெளிச்சத்தில் போய் முடிந்தால் அதன் நீளம் பயமுறுத்தாது.

பேனலைக் கழற்றுங்கள். வெள்ளை, இல்லையென்றால் இளம் சந்தன நிறம் பூசுங்கள். சுவரைவிடக் கூரை ஒரு படி வெளுப்பாக இருக்கட்டும். கூரையின் நிறத்தையே சுவரின் மேல் விளிம்பில் நாலு விரல் இறக்கிப் பூசினால் கூரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தணிந்த கூரை கொஞ்சம் எழும்பித் தெரியும். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். வயர் தெரிகிறது என்றால் சுவரில் காடி வெட்டிப் புதைக்கலாம்.

விளக்கைக் கூரையிலிருந்து சுவருக்கு மாற்றுங்கள். குறுகிய இடத்தில் உச்சியிலிருந்து விழும் வெளிச்சம் தலையையும் தரையையும் மட்டும் காட்டும். முகத்தில் நிழல் விழும், சுவர் இருண்டு நெருங்கி வரும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரைத் தள்ளி நிறுத்தும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுவரோடு ஒட்டிய மேல்நோக்கும் விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 9 வாட். 2700 முதல் 3000 கே வரை உள்ள மஞ்சள் வெளிச்சம். கடைசிச் சுவரில் ஒரு படம் மாட்டி அதன்மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு. படம் என்ன படமென்று பெரியம்மாவைக் கேளுங்கள். அவருக்கு ஒரு படம் இருக்கும். ஸ்விட்ச் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். டூ-வே ஸ்விட்ச் வைப்பது புதிய வித்தையல்ல. மாடிப்படிக்கு எல்லா வீட்டிலும் வைக்கிறோம். இரவில் எழுந்து போவதற்குக் கால் பக்கம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு வாட் விளக்கு ஒன்று. அது இன்வெர்ட்டரில் இருக்கட்டும்.

கண்ணாடி மாட்டுவதென்றால் வாசல் வெளிச்சத்தையோ முற்றத்து வெளிச்சத்தையோ பிடித்துத் திருப்பும் இடத்தில் மாட்டுங்கள். விளக்குக்கு எதிரே மாட்டினால் கூச்சம் இரண்டு மடங்காகும். தரைக்குப் பளபளப்பில்லாத, சொரசொரப்பான டைல்ஸ். செருப்பு அலமாரியைப் படிக்குக் கீழே தள்ளுங்கள். அந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக் கைப்பிடி ஓடட்டும். மாடக்குழியைத் திறந்து பூசிக் கொடுங்கள். விளாச்சேரி மண்பாண்டக்காரர்களிடம் அகல் வாங்கி வைக்கப் பெரியம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அலங்காரம் என்று இதற்கு மேல் அந்த நடைக்கு எதுவும் தேவைப்படாது.

இந்த வேலைக்கு உங்கள் பில் குறையும், தெரியும். ஆனால் பட்டி பார்க்கும் அந்தக் கை, நூல் பிடிக்கும் அந்தக் கண், இரண்டும் இங்கே இதைவிட நன்றாகப் பயன்படும். சுண்ணாம்புச் சுவரில் நேர்த்தியை மறைக்க விளக்கும் கிடையாது, பேனலும் கிடையாது. அங்கே உங்கள் திறமை உள்ளபடி தெரியும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அலங்காரக்காரர் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். திண்ணையைக் கடையாக்கியது, முற்றத்தை மூடியது, வென்டிலேட்டரை அடைத்தது எல்லாம் தேவையை ஒட்டி வந்தவை. இடம் போதாத ஊரில் குடும்பம் நடத்துவது எளிதல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் எதை இழக்கிறோம் என்று ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு சதுர அடி கண்ணாடியாவது மிஞ்சியிருக்கும். அய்யர் பங்களா, திருப்பாலை, ஒத்தக்கடைப் பக்கம் காலிமனையில் இன்று புதிதாகக் கட்டுகிறவர்கள்கூட, நாலு பக்கமும் வெட்டவெளி இருக்கும்போதே, நடுவீட்டில் சன்னலில்லாத நடையை வைத்து அதன் மேல் பரண் போட்டு, அதற்கு அடியில் சீலிங் அடிக்கிறார்கள். சந்து வீட்டுக்காரருக்கு இடமில்லை என்ற காரணம் உண்டு. அவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே அலங்காரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் நண்பகல் 12 மணிக்கு வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரை நடையில் நிற்க வைத்து, கையில் இருப்பது பத்து ரூபாயா, நூறு ரூபாயா என்று கேளுங்கள். பார்த்ததும் சொல்லிவிட்டால் உங்கள் நடைக்கு இரண்டு விளக்கும் ஒரு படமும் போதும். தடவிப் பார்த்துச் சொன்னால் முதலில் கூப்பிட வேண்டியது கொத்தனாரை. அலங்காரக்காரரை அப்புறம் கூப்பிடலாம்.